இடது கை இல்லாத கோட்டுகள்

தைமி லாத்தினெனின் கோட்டுகள் எதிலும் இடது கை கிடையாது. தோளோடு வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்திருக்கும். வடக்கு மினசோட்டாவில் குளிர் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே போகும் காலைகளிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். குளிரைத் தாங்க முடிந்தது. துணி உரசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு பிப்ரவரியில், உறைந்த ஏரியின் மேல் அவள் தம்பி ஆர்வோ ஓட்டிய பனிவண்டி மேட்டில் ஏறிக் கவிழ்ந்தது. பின்னால் இருந்த தைமி, தோள் பனிக்கட்டியில் மோத விழுந்தாள். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகளில் சில வேரோடு பிய்ந்தன. கை பாதி செத்துப்போனது. வலி மட்டும் சாகவில்லை. அதற்குப் பிறகு பேருந்துக் கொட்டகையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து மற்ற ஓட்டுநர்களுக்கு வழி சொல்லும் வேலை.

யார் விசாரித்தாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "பரவாயில்லை." அந்த ஊரில் வீடு எரிந்தவனும் அதைத்தான் சொல்வான்.

மகள் வெர்னா இரும்புச் சுரங்க ஆலையில் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் சரிபார்க்கிறவள். ஆறு வருஷ மாத்திரைகளும் ஊசிகளும் தோற்ற பிறகு, மூளைக்குள் கம்பி இறக்கி மின்சாரம் செலுத்தும் சிகிச்சையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள். நான்கு மணி நேரத் தூரத்தில் ஒரு மருத்துவமனை ஒப்புக்கொண்டது. நிபந்தனை ஒன்று உண்டு. ஒரு வாரம் சோதிப்பார்கள். வலி பாதியாவது குறையாவிட்டால் கம்பியை உருவிவிடுவார்கள்.

அங்கே போகும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே ஆர்வோ கேட்டார். "மூளைக்குள்ள கம்பியா? அக்கா மண்டையில ஏது இடம்? பிடிவாதமே பிதுங்குது."

"கையிலேர்ந்து ஒழுங்கா சேதி வர்றதில்லை மாமா. அதைக் கேட்டுட்டிருந்த மூளை செல்லுங்க தானாவே கத்த ஆரம்பிச்சிருச்சு. விடாம சின்னச் சின்னதா மின்துடிப்பு கொடுத்தா அந்தக் கத்தல் கலையுது. எப்படின்னு முழுசா யாருக்கும் தெரியலை. எல்லாருக்கும் பலிக்கிறதும் இல்லை."

"நல்லாத்தான் தைரியம் சொல்றே."

மண்டையில் சின்னதாகத் துளையிட்டுக் கம்பியை இறக்கும்போது தைமி விழித்திருந்தாள். மூளைக்கு வலி தெரியாது. மின்சாரம் பாய்ந்ததும், "உள்ளங்கையில சோடா பொங்கற மாதிரி இருக்கு" என்றாள். வலிக்கிற இடத்திலேயே அந்த உணர்வு வந்ததில் மருத்துவருக்குத் திருப்தி. கம்பியின் மறுமுனையை இடுப்பில் ஒரு பெட்டியோடு இணைத்தார்கள்.

தினமும் காலையில் நர்ஸ் வந்து கேட்பாள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை? அறுவைக்கு முன் தைமி சொன்னது நாலு. மூன்றாம் நாள் மூணு. ஆறாம் நாளும் மூணு.

"நாலு மூணானது போதாதும்மா," என்றார் மருத்துவர். "நாளைக்குக் கம்பியை எடுத்துரலாம்."

"சரி," என்றாள் தைமி. "ஊருக்குப் போகலாம்."

அவர் போன பிறகுதான் வெர்னா கவனித்தாள். அறை குளிர்ந்ததால் ஆர்வோ தன் கம்பளிச் சட்டையை அக்காவிடம் கொடுத்திருந்தார். தைமி அதை மாட்டியிருந்தாள். இரண்டு கையையும் நுழைத்து.

அளவு சந்தேகமாக இருந்தால் தொடங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும். அது வெர்னாவின் தொழில்.

"அம்மா, முதல்ல சொன்னியே நாலு. அது எங்கேர்ந்து வந்துச்சு?"

தைமி ஆர்வோவைப் பார்த்தாள். அவர் காப்பியில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக எல்லா மருத்துவமனைக்கும் அவர்தான் அவளைக் கூட்டிப்போனார். எண் கேட்கப்பட்ட ஒவ்வொரு தடவையும், அன்றைக்குப் பனிவண்டியை ஓட்டிய அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். வெர்னாவுக்குப் புரிந்தது.

"மாமா, கொஞ்சம் வெளியே இருங்க."

"அவன் இருக்கட்டும்," என்றாள் தைமி. பள்ளத்தில் இறங்கிய பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது அவள் தாடை இப்படித்தான் இறுகும். "ஒன்பது. சில நாள் பத்து."

"இப்போ?"

"மூணு. அது நிஜம்." பிறகு, தம்பியைப் பார்க்காமல், "உன்னைக் குத்தம் சொல்லலைடா."

ஆர்வோ கோப்பையைக் கீழே வைத்தார். "நாலாம், நாலு! ஒத்தக் கையால நீ கோட்டை வெட்டறப்போ மறுபக்கத்தைப் பிடிச்சுக்கிட்டது யாரு? எனக்குத் தெரியாதாக்கும்."

"அப்போ ஏன்டா வாயைத் திறக்கலை?"

"நீ பரவாயில்லைன்னே. நானும் பரவாயில்லைன்னு இருந்துட்டேன்."

வெர்னா மருத்துவரைத் திரும்ப அழைத்துவந்தாள். அவர் தயங்கினார். கம்பி போய்விடும் என்ற பயத்தில் எண்ணை மாற்றுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

"என்னை நம்ப வேண்டாம்," என்றாள் தைமி. "பெட்டியை அணைச்சு அணைச்சுப் போடுங்க. எப்போன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க மூணு பேர்ல யாருக்கும் தெரிய வேண்டாம்."

மறுநாள் காலை எட்டிலிருந்து பகல் இரண்டு வரை சோதித்தார்கள். பெட்டியை மூடிவைத்து நர்ஸ் அவ்வப்போது வந்து அதைத் தொட்டுவிட்டுப் போனாள். சில தடவை சும்மா தொட்டாள். முதல் ஒரு மணி நேரம் தைமி "மூணு" என்றே சொன்னாள். பிறகு கம்பளிச் சட்டையின் இடது கையை மெதுவாகக் கழற்றினாள். நெற்றி வியர்த்தது.

"ஏழு," என்றாள். சிறிது நேரம் கழித்து, ஆர்வோவின் முகத்துக்கு நேராக, "ஒன்பது."

ஆர்வோ எழுந்து போகவில்லை. அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மறுபடி "மூணு" என்றாள். பிறகு இன்னொரு தடவை ஏறி, இறங்கியது. மருத்துவர் நர்ஸின் தாளை அவள் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கம்பி இருக்கட்டும்," என்றார்.

அந்த வாரமே வலது காறையெலும்புக்குக் கீழே பேட்டரி வைத்தார்கள். வலி முழுதாகப் போகவில்லை. பெரும்பாலும் மூணு, கெட்ட நாளில் ஐந்து. வருஷத்துக்கு இரண்டு தடவை அளவைத் திருத்த வேண்டியிருந்தது. தைமி ஒவ்வொரு தடவையும் உண்மையான எண்ணைச் சொன்னாள். அந்த இலையுதிர்காலத்தில் சிவப்பாக ஒரு கோட்டு வாங்கினாள். எட்டு குளிர்காலம் அதை வெட்டாமலே போட்டாள்.

இந்த மார்ச்சில் இதயம் நின்று இறந்துபோனாள். எரிப்பதற்கு முன்னால் உடலில் பேட்டரி ஏதாவது உண்டா என்று கேட்டு இறுதிச் சடங்கு நடத்துகிறவர் போன் செய்தார். சூட்டில் வெடித்துவிடுமாம். எங்கே இருக்கிறது, என்ன வகை என்று வெர்னா சரியாகச் சொன்னாள். உடுத்துவதற்குச் சிவப்புக் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வாசலில் ஆர்வோ காத்திருந்தார்.

"எப்படிம்மா இருக்கே?"

"ஒன்பது, மாமா."

"எனக்கும்," என்றார்.