கார்னர் மட்டும் தெரிந்த அணி

எங்கள் ஹாக்கி அணிக்கு கோல் போடத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தெரியும். அம்பயர் விசில் ஊதி, பெனால்டி கார்னர் கொடுத்து, அவரவர் இடத்தில் போய் நின்ற பிறகு நன்றாகவே தெரியும். மற்ற நேரத்தில்தான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருப்போம்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. கேப்டன் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. அணி முழுவதற்கும் அவர் பாய். முன்வரிசையில் ஆடுகிறவன் கன்னிவாடியில் கத்திரியும் அவரையும் போடும் விவசாயி. பறித்த காயை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு அப்படியே பைக்கில் வருவான். பயிற்சிக்குப் பதினொரு பேரும் ஒன்றாக வந்த சாயங்காலம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. ஆறேழு பேர் வருவோம். மைதானத்தின் மறுபாதியில் கிரிக்கெட் நடக்கும். பாதி மைதானத்தில் ஆறேழு பேர் என்னதான் பழக முடியும்? கார்னர் பழகினோம். ஒருவன் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவான், ஒருவன் நிறுத்துவான், பாய் அடிப்பார். அவர் அடித்தால் கோல்கீப்பர் அசைவதற்குள் கோல் பலகையில் சத்தம் கேட்டுவிடும்.

அதுவே வினையாகிப் போனது. எதிரணியின் கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' வட்டத்துக்குள் பந்து அவர்கள் காலில் பட்டால் நமக்குக் கார்னர். எனவே எங்கள் ஆட்கள் உள்ளே நுழைந்ததும் கோலைப் பார்ப்பதில்லை. யாருடைய பாதம் பக்கத்தில் இருக்கிறது என்று குனிந்து தேடுவார்கள். செருப்பைத் தொலைத்தவர்கள் மாதிரி. லீக்கில் மற்ற அணிகள் முட்டாள்களா என்ன? கொஞ்ச நாளில் கண்டுகொண்டார்கள். எங்களைக் கண்டதும் காலை ஒதுக்கிக்கொண்டு தாராளமாக வழிவிட்டார்கள். வழிவிட்டால் என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. எங்களில் யாராவது மஞ்சள் கார்டு வாங்கிச் சில நிமிஷம் வெளியே உட்கார்ந்தால், மிச்சம் பத்துப் பேரும் உயிரைக் கொடுத்து ஆடுவோம். எதிரணியில் ஒருத்தனும் உள்ளே வர முடியாது. வெளியே போனவன் திரும்பி வந்ததும் அவன் பார்த்துக்கொள்வான் என்று இவனும், இவன் பார்த்துக்கொள்வான் என்று அவனும் நின்றுவிட, கோல் வாங்குவோம். பேசாமல் ஒருவனை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருமுறை எழுதினேன். சிரிக்கிற பொம்மையாகப் போட்டார்கள். நான் சிரிக்கச் சொல்லி எழுதவில்லை.

கடைசி ஆட்டம் பழனிப் பக்கத்து அணியோடு. ஜெயித்தால் முதல் டிவிஷனில் இருப்போம். டிரா ஆனாலும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். முதல் டிவிஷன் ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். இரண்டாவது, வேலைநாள் காலையில். ஹாக்கி ஆடப் போகிறேன் என்றால் எந்த முதலாளி லீவு கொடுப்பான்? இறங்கினால் அணியே இருக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆளுக்கொரு கோல் என்று நின்றது ஆட்டம். எங்கள் கோல், சொல்லவே வேண்டாம், பாய் அடித்த கார்னர். முடிய செத்த நேரம் இருக்கும்போது நடுவில் பந்து என்னிடம் சிக்கியது. கன்னிவாடிக்காரனுக்குத் தள்ளினேன். ஒருவனைத் தாண்டினான். கோல்கீப்பர் பாய்ந்து வந்து, ஏமாந்து, தரையில் கிடந்தார். எதிரே கோல் ஆளில்லாமல் திறந்து கிடந்தது. சும்மா தள்ளினால் போதும்.

அவன் நின்றான். பக்கவாட்டில் ஒரு தடுப்பாட்டக்காரன் ஓடி வந்தான். அந்த ஆளின் காலைப் பார்த்து இவன் பந்தைத் தட்டினான். பட்டது. விசில். கார்னர்.

எங்கள் ஆட்கள் கையை உயர்த்தி ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு மட்டையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது.

நேரம் முடிந்துவிட்டாலும் கொடுத்த கார்னரை ஆடித்தான் ஆக வேண்டும். தள்ளினான், நிறுத்தினான், பாய் அடித்தார். கம்பத்துக்கு வெளியே போனது. அவ்வளவுதான்.

கைகொடுக்கும்போது அவர்கள் கோல்கீப்பர் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, நான்தான் கீழ விழுந்து கெடந்தனுங்களே, அவரு ஏன் அடிக்கலீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பைக் நிறுத்திய இடத்தில் கன்னிவாடிக்காரன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிதானமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். முடியவில்லை.

"ஏலே, கோல் தெறந்து கெடந்துச்சு. உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுச்சுண்ணே."

"பெறகு என்ன எழவுக்கு அவன் காலைத் தேடுன?"

அவன் நிமிரவில்லை. ஷூவுக்குள் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னான். "நான் அடிச்சு வெளிய போயிருந்தா, அம்புட்டுப் பேரும் காலத்துக்கும் என்னையத்தானண்ணே வைவீக. கார்னர்ல போகலைன்னா யாரும் யாரையும் வையப் போறதில்ல."

திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, பாயைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான், ஒருவன் அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். கார்னர் தவறியதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவன் பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை, நானும் திட்டத்தான் வந்திருந்தேன்.