கழுத்தில் தொங்கிய மட்டை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு காட்போட் மட்டை தொங்குகிறது. சவர்க்காரம் வந்த அட்டைப் பெட்டியிலிருந்து வெட்டியது. இரண்டு துளை, ஒரு சணல் கயிறு. 'சேர் பேசக்கூடாது. நடக்கலாம்' என்று மை மங்கிய எழுத்தில் இருக்கும். எழுதியவர் பாடசாலைக்கு எதிரே கடை வைத்திருந்த, தோட்டமே 'நானா' என்று கூப்பிட்ட முஸ்லிம் பெரியவர்.

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணக்கு வாத்தியார்; எல்லோருக்கும் 'சேர்'. தடுப்பில்லாத ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள். பக்கத்து வகுப்பின் சத்தத்தை என் சத்தத்தால் அமுக்குவதுதான் இருபது வருடமாக என் தொழில். ஒருநாள் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போதே தொண்டை கம்மிக் குரல் நின்றுபோனது. இரண்டு கிழமைக்கு வாயே திறக்கக்கூடாது என்றார் டொக்டர். மீறினால் குரல் திரும்புமென்று உறுதி சொல்ல முடியாதாம். எனக்கோ கரும்பலகையை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாது. பயந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் மூச்சு முட்டியது.

வெளியே நடக்கலாமென்றால் அதிலும் வில்லங்கம். எதிரே வருகிறவரிடம் 'எங்க போறீங்க?' என்று கேட்காமல் எங்கள் தோட்டத்தில் யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். பதில் சொல்லாவிட்டால், சேருக்குத் தலைக்கனம் என்று பொழுது சாய்வதற்குள் எல்லா லய வீடுகளுக்கும் சேதி போய்விடும். முதல் நாளே பழக்கதோஷத்தில் மூன்று பேருக்குப் பதில் சொல்லிவிட்டு, தொண்டை எரிய, நானாவின் கடையில் போய் நின்றேன். விஷயத்தைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை வெட்டி, எழுதி, தானே என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"நமக்கு நாள் பூரா பேசுற யாவாரம் சேர். இத மாட்ட ஏலாது. நீங்களாச்சும் போங்க" என்றார்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மட்டையை வாசித்துவிட்டு, கையாலேயே 'எங்க?' என்று கேட்டார்கள். நானும் கையாலேயே உச்சியைக் காட்டினேன். மலை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, சத்தமில்லாமல்.

தேயிலை முடிந்து, மானாப்புல்லும் தாண்டி, காட்டோரம் போய்ச் சேர்ந்தபோது யாருமில்லை. கல்லுக்கடியில் தண்ணீர் ஓடுவது கேட்டது. பெயர் தெரியாத ஒரு பறவை, வாய்ப்பாடு மறந்த பிள்ளைபோல, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் இந்த மலையில் இருந்தும் இதையெல்லாம் கேட்டதில்லை. நான்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேனே. குரல் வராவிட்டால் என்ன செய்வது என்று அங்கேதான் முதல்முறையாக நிதானமாக யோசித்தேன். பயம் போகவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் உட்கார முடிந்தது. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும்.

பதினைந்தாம் நாள் அதே இடத்தில் நின்று ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் கரகரத்தது. ஆனால் பதினாறாம் வரி வரைக்கும் வந்தது. கண் கலங்கிவிட்டது.

இறங்கி நேரே கடைக்குப் போனேன். "எங்க போயிட்டு வாறீங்க சேர்?" என்று வேண்டுமென்றே கேட்டார் நானா. "காட்டுக்கு நானா" என்றேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மட்டையைக் கழற்றிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை.

"வச்சுக்கங்க சேர். தொண்டைக்கு மட்டுமா எழுதினேன்?"

நானா இப்போது மகள் வீட்டோடு போய்விட்டார். என் குரலோ கிழமை நாட்களில் மண்டபத் தகரத்தை அதிரவைக்கிறது. ஆனால் சனிக்கிழமை காலையில் மட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன வாரம், லயத்துக்குப் புதிதாக வந்த பிள்ளையொன்று அதை எழுத்துக்கூட்டி வாசித்து, சேருக்கு உடம்புக்கு என்ன வருத்தம் என்று தன் அம்மாவிடம் கேட்டது.

"ஒண்ணுமில்ல. சேருக்குச் சனிக்கிழமை மட்டும் தொண்ட சரியில்ல" என்றாள் அவள்.

நான் மட்டையை நேராக்கிக்கொண்டு மேலே ஏறினேன்.