கோப்லென்ஸ் வரைக்கும் ஓர் இடம்

நான்கு நேர்கோடு, அவற்றின் மேல் ஒரு குறுக்குக்கோடு. ஐந்து பயணிகள். எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில், கொலோன் துறையில் ரைன் நதி உல்லாசக் கப்பலுக்கு ஏறுபவர்களை நான் அப்படித்தான் எண்ணினேன். எந்த நாடு, என்ன வயது, தனியாகவா சோடியாகவா என்று கேட்டு அட்டையில் கோடு போட வேண்டும். அப்போது ஏறியவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் கிழவிகள். இடையிடையே அமெரிக்கர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கூடினால் இன்னொரு கப்பல் விடலாம் என்று முதலாளி கனவு கண்டார். கனவு அவருடையது, கால் கடுக்க நின்றது நான். ஆனாலும் கொஞ்சம் ஜெர்மன் வந்ததால் துடைப்பத்திலிருந்து பென்சிலுக்கு உயர்ந்தவன் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

துடைப்பத்தில் என்னோடு நின்றவர் அக்கா. சொந்த அக்கா அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எங்கள் அகதி முகாமில் பக்கத்து அறையில் இருந்தவர். சனிக்கிழமைகளில் பழைய பயணிகள் இறங்கி, மாலையில் புதியவர்கள் ஏறுமுன் அத்தனை அறைக்கும் விரிப்பு மாற்றுவார். அவருக்கு முன்னமே வந்த கணவரைக் கோப்லென்ஸ் முகாமில் போட்டிருந்தார்கள். அகதி விண்ணப்பம் முடியும்வரை பதிந்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்; தாண்டுவதென்றால் அரசாங்கக் கந்தோரில் அனுமதித் தாள் எடுக்க வேண்டும். அந்த அண்ணைக்கு வயிற்றில் ஒப்பரேசன் என்று கடிதம் வந்தது. அனுமதி கேட்டு அக்கா எழுதிப் போட்ட அன்ட்ராக்குக்குப் பதிலே இல்லை.

"ரயிலிலை பொலிஸ் தாள் கேட்கும் தம்பி. கப்பலிலை ஆர் கேட்கப்போறான்? பதினேழாம் அறை இந்தக் கிழமையும் வெறுமையாத்தானே கிடக்கு. உங்கடை அட்டையிலை எனக்கும் ஒரு கோடு போட்டுவிடுங்கோ. விடியக் கோப்லென்ஸிலை இறங்கிடுவன்."

"ஓம் அக்கா, வாங்கோ, நான் பார்க்கிறன்" என்றேன், பெரிய மனிதன் மாதிரி.

சனிக்கிழமை மாலை, வேலை உடுப்பை மாற்றி நல்ல சேலை உடுத்து, கணவருக்குச் சூப் ஊற்றிய போத்தலோடு வந்தார். அந்த நேரம் பார்த்துத் தலைமைப் பணியாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். அடுத்த மாதம் என்னைக் கப்பல் கம்பனியின் கந்தோர் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தவர். "இது யார்?" என்று கேட்டார். கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒருவேளை விட்டிருப்பார், நல்ல மனிதர். நானோ அந்த வேலை போய்விடுமென்று பயந்து அவர் கேட்காததையெல்லாம் சொன்னேன். இவர் துப்புரவுப் பெண், மாவட்டம் தாண்ட அனுமதியில்லை, ஏற்றினால் கப்பலுக்குத்தான் கரைச்சல், வரவேண்டாமென்று நான் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியாகச் சொன்னது பச்சைப் பொய். சீ, என்ன பிறவி நான்! அவர் கையை நீட்டி அக்காவை மறித்தார்.

அக்காவுக்கு அப்போது ஜெர்மன் ஒரு சொல்லும் விளங்காது. நான் நீளமாகப் பேசியதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லைத் தம்பி, நீங்கள் ஏலுமான மட்டும் கேட்டுப் பார்த்தீங்கள். அவன் மாட்டனெண்டால் என்ன செய்யிறது?" என்று சொல்லித் திரும்பி நடந்தார். நான் அடுத்த கிழவிக்குக் கோடு போட்டேன்.

அண்ணை பிழைத்துக்கொண்டார். அனுமதித் தாளும் பிந்தி வந்து சேர்ந்தது. நான் கந்தோர் வேலைக்குப் போனேன். இன்றுவரை அதே தொழில். இப்போது எந்த அறையும் வெறுமையாகப் போவதில்லை. உலகின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள், இளையவர்களும் வருகிறார்கள். அந்த வளர்ச்சியைப் பற்றிக் கூட்டங்களில் வாய் கிழியப் பேசுகிறேன்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் அக்கா தன் மகளுக்கு என்னைக் காட்டினார்.

"அண்டைக்கு எனக்காக அந்த வெள்ளைக்காரனோடை எவ்வளவு நேரம் மன்றாடினவர் தெரியுமோ? கூடப்பிறந்த தம்பியும் செய்யான்."

மகள் இங்கேயே பிறந்தவள், சட்டத்தரணி. ஆர்வத்தோடு என் பக்கம் திரும்பி, "மாமா, அவரிடம் சரியாக என்ன சொன்னீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டாள். அந்த மொழியைக் கேட்டதும், அன்று சொன்னது ஒன்றுவிடாமல் நாக்கில் வந்து நின்றது. அக்கா பெருமையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு ஜெர்மன் நன்றாக விளங்கும்.

"மறந்துபோச்சுப் பிள்ளை" என்றேன், தமிழில்.