என் இருமல் பதிந்த கசெற்

எங்கள் வீட்டில் பாட்டுக்கு மட்டும் பேச்சு விழாது. கணக்குப் பிழைத்தால் குட்டு விழும். தேத்தண்ணியைச் சிந்தினால் அடுக்களையிலிருந்து அர்ச்சனை வரும். ஆனால் தொண்டை கிழியக் கத்திப் பாடினாலும் அம்மா, "நல்லா இருக்குக் குஞ்சு, இன்னொருக்கா" என்பார். பம்பலப்பிட்டியில் சங்கீத ரீச்சர் திட்டுகிற திட்டுக்கு வீட்டிலும் திட்டினால் பிள்ளை வாயே திறக்காது என்பது அம்மாவின் கட்சி.

அப்பா யாழ்ப்பாணத்தில் வாத்தியார். சண்டை தொடங்கியபின் ஊரை விட்டு வெளிக்கிடப் பாஸ் கிடைக்காமல் அங்கேயே அகப்பட்டுப்போனார். நானும் அம்மாவும் தலைநகரில், வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி பிளற்றில் இருந்தோம். எப்போதாவது வருகிற கடிதத்தில் சண்டை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒன்றும் இருக்காது, "பிள்ளை பாடுகிறாளா?" என்பது மட்டும் கட்டாயம் இருக்கும். அவர் வந்து இறங்குகிற அன்றைக்கு ஒரு வர்ணத்தை முழுதாகப் பாடிக் காட்டவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆசை வேறு, பின்னேரம் தோறும் அரை மணித்தியாலம் குந்தியிருந்து சாதகம் பண்ணுவது வேறு. சரியாக அதே நேரத்தில்தான் பக்கத்து பிளற்றுப் பிள்ளைகள் கரம் விளையாடுவார்கள். பலகையில் காய்கள் மோதிக் குழிக்குள் விழுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்து என் உயிரை வாங்கும்.

பத்து வயதுக்கு எனக்கு மூளை கொஞ்சம் அதிகம். ரெக்கோடரில் ஒரு வெறும் கசெற்றைப் போட்டு, ஒரேயொரு நாள் ஒழுங்காகப் பாடிப் பதிந்தேன். நடுவில் ஓர் இருமல் வந்துவிட்டது. போனால் போகிறது என்று விட்டேன். பாட்டு முடிந்தும் நாடா கொஞ்சம் மிச்சம் இருந்தது. சும்மா விடுவேனா? அம்மாவின் குரலில், "நல்லா இருக்குக் குஞ்சு, இன்னொருக்கா" என்று நெளித்துச் சொன்னேன். பிறகு என் குரலில், "அம்மாவுக்கு ஒண்டும் விளங்காது. இனி நான் பாடத் தேவையில்லை, கசெற் பாடும்" என்று சொல்லிச் சிரித்தும் வைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து அறைக்குள் கசெற் பாடியது. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலால் நழுவிக் கரம் அடித்தேன். இருமல் கேட்டால் இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று கணக்கு. நக்கல் தொடங்க முன்னம் ஓடிவந்து நிறுத்திவிடுவேன். தேங்காய் துருவிக்கொண்டே அம்மா, "நேற்றையிலும் பாக்க இண்டைக்குத் திறம்!" என்பார். ஐயோ, நான் சிரித்த சிரிப்பு! அதே பாட்டு, அதே இருமல், ஆனால் நாளுக்கு நாள் திறமாகிக்கொண்டு போகிறது.

ஒரு நாள் ரெக்கோடரைத் திறந்தால் உள்ளே கசெற் இல்லை.

"அம்மா, இதுக்குள்ள கிடந்த கசெற் எங்க?"

"நீ பாடினதோ? கீழ் வீட்டு அன்ரி காலமை ஊருக்குப் போனவ. அவவிட்டக் குடுத்து அப்பாவுக்கு அனுப்பியிட்டன். கேட்டுச் சந்தோசப்படட்டும்."

இருமல் கிடக்கட்டும், அந்தக் கடைசி நக்கல்! தன் மகள் ஒரு கள்ளி என்பதை அவள் வாயாலேயே அப்பா கேட்கப்போகிறார். இனி எந்த முகத்தோடு அவர் முன்னால் பாடுவது? தொண்டை நோ என்று சொல்லிப் பாட்டையே நிறுத்தினேன். இரண்டு மாதமாக ஒரு தொண்டை நோவா என்று அம்மா கேட்கவில்லை. கொத்தமல்லியை அவித்து அவித்துத் தந்துகொண்டிருந்தார். தபால்காரரின் மணி கேட்டால் நான் குளியலறைக்குள் ஒளிந்தேன்.

கடைசியில் கடிதம் வந்தேவிட்டது. எனக்கென்று தனியாக ஒரு தாள் மடித்து வைத்திருந்தார்.

"இங்கே கரண்டும் இல்லை, பற்றறியும் வர விடுவதில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரை ரெக்கோடரில் கொழுவிவிட்டு, நான் பெடல் மிதிக்க மிதிக்க நீ பாடுகிறாய். நான் களைத்தால் உன் குரல் ஆம்பிளைக் குரலாகிவிடுகிறது. ஆகவே எங்கேயாவது சுருதி விலகியிருந்தால் அது என் காலின் பிழை, உன் பிழை இல்லை. அம்மாவைப் போலக் கதைத்த இடத்தைக் கேட்க மூன்று தரம் மிதித்தேன், அவ்வளவு திறம்! இனிக் கசெற் பாடும் என்று சொல்லியிருக்கிறாய். ஓம் குஞ்சு, இங்கே அது பின்னேரம் தோறும் பாடுகிறது."

அரை மணித்தியாலம் குந்தியிருக்க எனக்குப் பஞ்சி, உடம்பு வளையாது. அந்த மனிசன் அதைக் கேட்க அரை மணித்தியாலம் பெடல் மிதிக்கிறார். வெட்கம் தாங்காமல் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தாமல் குந்தியிருந்தேன். பக்கத்து பிளற்றில் கரம் தொடங்கியிருந்தது. முதலிலிருந்து கடைசிவரை என் வாயாலேயே பாடினேன். முடிக்கும்போதுதான் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்ததைக் கவனித்தேன்.

"நல்லா இருக்குக் குஞ்சு," என்றார் அம்மா அடுக்களையிலிருந்து. "என்ன, இண்டைக்கு இருமேல்லை?"