பாட்டைத் தள்ளிய கை

ஒரு நல்ல பாட்டு எவனுக்கும் வந்துவிடும். குருட்டாம்போக்கில்கூட வரும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை சொதப்பாமல் ஓர் ஆல்பம் கொடுப்பவன்தான் பாட்டுக்காரன். அதையும் வருஷா வருஷம் கொடுத்த கோஷ்டி இந்த ஏரியைச் சுற்றி ஒன்றுதான் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். இப்போது அவர்கள் பேச்சை எடுத்தாலே எனக்கு வாய் கசக்கிறது.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அடுத்தவன் படகில் தண்ணீர் இறைத்துப் பிழைப்பைத் தொடங்கியவன். இன்று பசியாவரத்துக் கரையில் நிற்கும் பைபர் படகுகளில் எது எது என்னுடையது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை நீட்டிக் காட்டும். ஐஸ் கடை என்னுடையது. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்த் திருவிழாவானாலும் மைக் செட்டும் ஸ்பீக்கர் பெட்டிகளும் என்னிடமிருந்துதான் போகும். எவன் முன்னாலும் கைகட்டி நின்று இதையெல்லாம் வாங்கவில்லை. ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைத்தது ஒன்று உண்டு. முதல் கேசட்டுக்குப் பிறகு அந்தக் கோஷ்டியின் ஆல்பம் ஒன்றுகூட என் படகில் ஏறாமல் வெளியே வந்ததில்லை.

படகில் பாட்டுக் கேட்பது வேறு மாதிரி. இறால் வலையை இழுக்க ஆரம்பித்துவிட்டால் கையெல்லாம் சேறு, பாசி, இறாலின் கொழகொழப்பு. அந்தக் கையோடு பாட்டுப் பெட்டியைத் தொட்டால் பெட்டி செத்தது. உப்பு அதைத் தின்றுவிடும். ஆகையால் எங்கள் படகுகளில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கரையிலேயே பாட்டைப் போட்டு, பெட்டியைப் பாலிதீன் பைக்குள் வைத்துக் கட்டிவிட வேண்டும். வலையை இழுத்து, இறாலைப் பிரித்து, திரும்பி வரும் வரை எவனும் அதைத் தொடக்கூடாது. கண்றாவியான பாட்டு வந்தால் அதையும் கேட்டுத்தான் தீர வேண்டும். இரண்டு நல்ல பாட்டைக் காட்டிவிட்டு மிச்சத்தைக் குப்பையால் நிரப்பிய கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு நாங்கள் அலுத்துக் கிடந்த காலத்தில்தான் அந்தக் கோஷ்டி வந்தது.

சுண்ணாம்புக்குளம் பக்கத்து ஆட்கள். பாடுபவர் ஒருவர், பம்பை அடிப்பவர் ஒருவர், அவ்வளவுதான் கோஷ்டி. அம்மன் பாட்டு, நடுநடுவே தெலுங்குச் சொல் விழும். முதல் கேசட்டை இரண்டு பக்கமும் கேட்டபடி வலை இழுத்தோம். என் தங்கச்சி வீட்டுக்காரர் என்னோடு படகில் வருபவர், தூக்கத்திலும் வாய் மூடாதவர். அன்று கரை சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னா மாப்ளே, வாய்ல இறால் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டேன். "சும்மாருங்க மச்சான், பாட்டு போவுதுல்ல," என்றார்.

அதை நான் பாட்டுக்காரரிடம் சொன்னேன். அடுத்த வருஷம் அவர் பாட்டுகளைப் பதிவு செய்ததும் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்தார். அவரும் பம்பைக்காரரும் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். எந்தப் பாட்டுக்கு என் மாப்பிள்ளை ஊர்க்கதை பேச ஆரம்பிக்கிறாரோ, அந்தப் பாட்டு ஆல்பத்தில் இல்லை. "அண்ணாத்த வாயத் தொறந்துட்டாரு, பாட்டு அவுட்டு," என்று பம்பைக்காரரே சிரிப்பார். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது. இந்த வழக்கம் மாறவில்லை. எங்கள் கங்கையம்மன் திருவிழா மேடையில் முதல் பிரதியை என் கையில்தான் கொடுப்பார். நான் மைக்கில், "ஒரு பாட்டக்கூட தள்ளாம கேக்கலாம்," என்பேன். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் திருவிழாவுக்கு அவரை அழைப்பார்கள்.

இந்த வருஷம் அவர் மருமகனோடு வந்தார். பம்பைக்காரரைக் காணோம்.

"பம்பை எங்கப்பா?"

"அத கம்ப்யூட்டர்லயே போட்டுட்டோம்ணே. மருமவன்தான் இப்ப எல்லாம் பாத்துக்கறாரு."

அந்த மருமகன் வெள்ளைப் பேண்டும் கையில் போனுமாக நின்றான். "பேண்ட மடிச்சு வுடு தம்பி, இது கல்யாண வூடு இல்ல," என்றார் என் மாப்பிள்ளை.

ஏறுவதற்கு முன் பாட்டுக்காரர் என்னைத் தனியாக இழுத்தார். "போன வருஷமே ஆளுங்க சரியா கூப்பிடலண்ணே. இந்த வருஷமும் அப்டியே போனா காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வாட்ச்மேன் வேலைக்குத்தான் போவணும். மேடையில நீ சொல்ற வார்த்தையிலதான் இருக்கு." பாட்டு நன்றாக இருந்தால் நான் சொல்லாமலா இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டு எடுப்பிலேயே உடம்பு சிலிர்த்தது. அரை நிமிஷம்தான். பிறகு டீசல் தீர்ந்த இஞ்சின் மாதிரி ஆனது. அதே நாலு வார்த்தை, அதே டப்பு டப்பு. இரண்டாவது பாட்டும் அப்படியே, முகப்பு பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லை. நான் ஐஸ் கடைக்காரன். நாறிப்போன மீனை அடியில் போட்டு மேலே நல்ல மீனை அடுக்கிக் கூடையை நீட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். இந்தப் பாட்டும் அந்தக் கூடைதான். மாப்பிள்ளை தன் கடைவாய்ப் பல் வலியைப் பற்றி விலாவாரியாகப் பேச ஆரம்பித்திருந்தார்.

"பெரியவரே, இப்பல்லாம் யாரும் முழுசா கேக்கறதில்ல. போன்ல அரை நிமிசம் ஓடணும், ஆடணும், அவ்ளோதான். மிச்சம் சும்மா ரொப்பறதுதான்," என்றான் மருமகன், ஏதோ உலகத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி.

எங்கள் கைகள் வலையில் இருந்தன. பாட்டுக்காரர் வலையைத் தொடவில்லை, அவர் கை காய்ந்திருந்தது. நாலாவது பாட்டு பாதியில் இழுத்துக்கொண்டிருக்கும்போது அவர் மெல்லப் பாலிதீன் முடிச்சை அவிழ்த்துப் பொத்தானை அமுக்கி அடுத்த பாட்டுக்குத் தள்ளினார்.

"இன்னாபா பண்றே?"

"இல்லண்ணே, அது கொஞ்சம் இழுக்கும். அடுத்தது நல்லாருக்கும்."

மாப்பிள்ளை பல்வலியை மறந்து உரக்கச் சிரித்தார். "யோவ், பாடுன நீயே தள்றியே! கேக்கறவன் இன்னா பாவம் பண்ணான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை அணைக்கச் சொல்லிவிட்டுக் கரைக்குத் திருப்பினேன். இறங்கும்போது பாட்டுக்காரர், "மேடையில வார்த்த சொல்லுவல்லண்ணே?" என்றார். "வேற பாட்டுங்கள போட்டுக் கொண்டா, சொல்றேன்," என்றேன். மருமகன் தன் பேண்டில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவர் வேறு பாட்டு கொண்டுவரவில்லை. திருவிழா மேடையில் அதே பென் டிரைவை மஞ்சள் துணியில் வைத்து என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"பேருக்காவது வாங்கிக்கண்ணே. ஊரு பாக்குது," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "இந்த ஆல்பத்த நான் முழுசா கேக்கல. பாடுனவரும் கேக்கல," என்றேன். சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

கூட்டம் சலசலத்தது. அவ்வளவுதான், இவர் கதை முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. அதற்குள் மருமகன் போனைச் செருகி முதல் பாட்டின் அரை நிமிஷத்தை ஓடவிட்டான், என் ஸ்பீக்கர் பெட்டிகளிலேயே. பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள், போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அரை நிமிஷம் முடிந்தால் மறுபடி அதே அரை நிமிஷம். அம்மனுக்குத் தீபாராதனை காட்டும்போதும் அதே கண்றாவி. கூட்டத்தின் ஓரத்தில் பம்பைக்காரர் நின்றிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போனார்.

என் வார்த்தை எவனுக்கும் தேவைப்படவில்லை. ஊர் ஊராகப் பாட்டுக்காரரை அழைத்தார்கள்.

கொஞ்ச நாள் முன்னால் ஐஸ் கடைக்கு வந்தார். புதுச் சட்டை. "பாத்தியாண்ணே, வாட்ச்மேன் வேலைக்குப் போவல," என்றார். சண்டை போடத்தான் வந்திருந்தார், முகத்தில் தெரிந்தது.

"நல்லதுபா. அந்த மொத பாட்ட முழுசா ஒரு வாட்டி பாடு, கேக்கறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். குரல் இன்னும் அதே குரல், அதைச் சொல்லியாக வேண்டும். எடுப்பு முடிந்தது. வாய் திறந்தபடி நின்றார். விரலால் தொடையில் தட்டிப் பார்த்தார்.

"அதுக்கு மேல நெனப்பு இல்லண்ணே. எந்த ஊர்லயும் அதுக்கு மேல கேக்கறதில்ல."

நான் குழாயைத் திறந்து மீன் பெட்டியைக் கழுவ ஆரம்பித்தேன். அவர் போகும் வரை நிமிரவில்லை.