ஆரணியில் புவியீர்ப்பு முப்பத்தொன்பது

தம்பி மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் அவளுடைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டைச் சும்மா புரட்டினேன். தனி ஊசல், புவியீர்ப்பு முடுக்கம் 9.8. அப்பழுக்கில்லை. எத்தனை அலைவு எண்ணினாய் என்று கேட்டேன். "எண்ணல அத்த. கம்ப்யூட்டர்ல தட்டினா அதுவே வந்துச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் நாளில் ஊசல் என்றால் நூலில் கட்டிய இரும்புக் குண்டு. பள்ளிக்கூடத்து நூல் எப்போதும் அறுந்தே இருக்கும். ஆரணியில் நூலுக்கா பஞ்சம்? யாராவது வீட்டுத் தறியிலிருந்து ஒரு பட்டு இழை வந்துவிடும். பட்டில் ஊசல் கட்டி ஆட்டிய பணக்காரப் பள்ளிக்கூடம் எங்களுடையதாகத்தான் இருக்கும். கூரை மட்டும் ஒழுகும்.

பிசிக்ஸ் சார் வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் வருவார். முதல்முறை ஊசல் ஆட்டியபோது பாதிப் பேருக்கு 9.8 வந்தது, மீதிப் பேருக்கு முப்பத்தொன்பது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முப்பத்தொன்பதுக்காரர்கள் அத்தனை பேரும் நெசவு வீட்டுப் பிள்ளைகள். நானும் என் சிநேகிதி மல்லிகாவும் அதில் சேர்த்தி.

விஷயம் இதுதான். குண்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தால்தான் ஓர் அலைவு. எங்களுக்கோ தறி எண்ணிக்கை ஊறிப்போயிருந்தது. தறியில் ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா அந்தப் பக்கம் போனால் ஓர் இழை, இந்தப் பக்கம் வந்தால் இன்னோர் இழை. இரண்டையும் சேர்த்து ஒன்று என்று எண்ணினால் புடவையில் பூ இரண்டு மடங்கு நீண்டுவிடும், அப்பாவிடம் அர்ச்சனை விழும். ஆக, நாங்கள் இருபது அலைவு என்று எண்ணியது உண்மையில் பத்துதான். நேரம் பாதியானால் கணக்கில் புவியீர்ப்பு நாலு மடங்கு.

"ஆரணியில மட்டும் பூமி நாலு மடங்கு இழுக்குதும்மா. அதான் இந்த ஊர்க்காரங்க யாரும் ஊர வுட்டு நகர மாட்டேன்றீங்க" என்றார் சார். வகுப்பே சிரித்தது. நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. வேலூரில் ஒரே காலேஜில் பி.எஸ்சி. சேருவது என்று கையடித்துச் சத்தியம் செய்திருந்தோம். ஒரு பாடம் போனாலும் வேலூர் பேச்சையே எடுக்கக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் கண்டிப்பு.

திருத்திக்கொண்டோம். ஆனாலும் பயம் வந்தால் வாய் பழக்கத்துக்குப் போய்விடுகிறதே! பிராக்டிகல் பரீட்சையில் இருவருக்கும் ஊசலே வந்தது. எனக்கு முப்பத்தொன்பது. தப்பைத் தேடவெல்லாம் எனக்கேது பொறுமை? விடைதான் தெரியுமே. விடையை முதலில் வைத்து, அதற்கு ஏற்ற நேரத்தை எழுதிவிட்டேன். அடுத்த மேஜையில் மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு 39 என்றே எழுதிக்கொண்டிருந்தாள். அசடு, என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அம்மா, அவளை வாய்விட்டு எண்ணச் சொன்னார்.

"எங்க ஊட்டுத் தறில இப்டிதான் எண்ணிகினு இருப்போம் மேடம்" என்றாள்.

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நேரத்தை இரட்டிப்பாக்கிக் கணக்குப் போடச் சொன்னார். 9.87 வந்தது. பிறகு என் தாளைப் பார்த்தார். என்னையும் எண்ணச் சொன்னார். என் வாயும் தறிக் கணக்கையே சொல்லிற்று.

"அந்தப் பொண்ணு தப்பா எண்ணினத எழுதியிருக்கா. நீ எண்ணாதத எழுதியிருக்க" என்றார்.

காது வரைக்கும் சுட்டது. ஏதோ புண்ணியம், தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்று பாஸ் போட்டுவிட்டார். இருவரும் வேலூர் பஸ் ஏறினோம். அதற்குப் பிறகு எனக்கு எந்தக் கணக்கு சரியாக வந்தாலும் மல்லிகா விடமாட்டாள். "எண்ணினியா, எழுதினியா?" என்பாள். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு முன்னாலேயே மொய் நோட்டைக் காட்டிக் கேட்டாள், பேஜார் பிடித்தவள்.

இப்போது ஊசல் திரையில் ஆடுகிறது. யாருக்கும் முப்பத்தொன்பது வருவதில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தம்பி மகளிடம், "எண்ணினியா, எழுதினியா?" என்று கேட்டுப் பார்த்தேன். அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். மல்லிகா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. என்னை அப்படிக் கேட்க இனி ஆளில்லை.