பாதி வேகத்தில் எழும் அலை

1. அந்தக் காலை

மீன் பிடித்துக்கொண்டிருந்த வீரணன் பரிசலிலிருந்து தண்ணீரில் விழுந்தபோது நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகு ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் விழுந்தது எனக்குத் தெரியாது. வேறொரு பரிசல்காரர் கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

நான் மயிலாடும்பாறைக்காரன். தேனியில் ஒரு பட்டறையில் டீசல் இன்ஜின் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவன், இந்த மாவட்டத்து நீர்த்தேக்கம் ஒன்றில் கண்காணிப்புப் படகு ஓட்டும் வேலைக்குப் போனேன். இருபத்தாறு வருசம் ஓட்டினேன். போன வருசம் ஓய்வு பெற்றேன். திருட்டு வலை பார்ப்பது, தண்ணீர் மாதிரி எடுப்பது, அதிகாரிகளைச் சுற்றிக் காட்டுவது, யாராவது விழுந்துவிட்டால் ஓடுவது, எல்லாம் அந்த ஒரே படகில்தான்.

அன்று காலை ஒன்பது மணி இருக்கும். வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவரோடு இன்னும் இரண்டு பேர். மூவரும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் படகின் அடிப்பக்கம் ஆங்கில 'வி' எழுத்துப் போல ஆழமான கூர் வடிவம். முழு வேகத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குலுங்காமல் போகும். வந்தவர்கள் எல்லோரும் அதைப் பாராட்டித்தான் இறங்குவார்கள்.

தூரத்தில் நாலு பரிசல் தெரிந்தது. த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்தேன்.

"ஏம்ப்பா ஸ்லோ பண்ணிட்ட?" என்றார் அதிகாரி.

"பரிசல் கிடக்கு சார். மீன் பிடிக்கிறாக."

"சரி, சரி. பாத்துப் போ."

பாத்துத்தான் போனேன். ஆனால் பாதி வேகத்தில் அந்தப் படகின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும். முன்னால் வானம்தான் தெரியும். நான் எழுந்து நின்று எட்டிப் பார்த்து, பரிசல்களுக்குத் தள்ளியே ஓட்டினேன். நல்ல இடைவெளி விட்டுக் கடந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

"ஏய், நிறுத்து, நிறுத்து. ஆளு உள்ள போயிட்டான்," என்று ஒரு பரிசல்காரர் கத்தினார்.

திரும்பிப் பார்த்தால் ஒரு பரிசல் கவிழ்ந்து கிடந்தது. ஆளைக் காணோம்.

வளைத்துத் திருப்பினேன். விழுந்தவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாததால் ஊர்ந்துதான் போக வேண்டும். அந்தப் படகுக்கு ஊர்ந்து போக வராது. வருசநாட்டு மலைப்பக்கமிருந்து வந்த காற்றுக்கு மூக்கு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பியது. பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், மெதுவில் புகைந்து இரண்டு தடவை அணைந்தது. நான் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்துப் பரிசல்காரர் குதித்து அவரைத் தூக்கிவிட்டார். வீரணனின் கணுக்காலில் வலை சுற்றியிருந்தது.

படகில் கிடத்தி, நெஞ்சை அமுக்கிக்கொண்டே கரைக்குப் பறந்தோம். முழு வேகத்தில் அந்தப் படகு அன்றும் கொஞ்சம்கூடக் குலுங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உயிர் முன்பே போய்விட்டது என்றார்கள். வீரணனுக்கு முப்பத்து நாலு வயது. மனைவி பேர் ஈஸ்வரி. அஞ்சு வயதில் ஒரு மகள்.

2. அறிக்கையும் கேனும்

மறுநாள் அதே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அறிக்கை ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. 'படகு குறைந்த வேகத்தில் சென்றது. இறந்தவர் படகுப் பாதையின் குறுக்கே வலை விரித்திருந்தார்.'

முதல் வரி சரி. இரண்டாவது வரி சரியில்லை. வலை பாதைக்கு வெளியே, பாதையைக் காட்டும் மிதவைகளைத் தாண்டித்தான் கிடந்தது.

"சார், வலை வெளியிலதான் கிடந்துச்சு."

"நீ அளந்தியா?"

"அளக்கல சார்."

"அப்ப எப்படிச் சொல்ற? உன் வேலைக்கும் நல்லது, ஆபீசுக்கும் நல்லது. கையெழுத்துப் போடு."

போட்டேன். என்னை யாரும் அடித்துப் போட வைக்கவில்லை. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை ஒரு காரணமாகப் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த அறிக்கையை வைத்து வீரணன் பேரில் இருந்த மீன்பிடி உரிமத்தை ரத்து செய்தார்கள். விதியை மீறியவர் குடும்பத்துக்கு மாற்றித் தர முடியாது என்று ஈஸ்வரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா கொழுந்தனாருடைய உரிமத்தில், அவருக்குக் கூலி ஆளாகப் பரிசல் தள்ளத் தொடங்கியது.

மெதுவாகத்தானே போனேன், பிறகு ஏன் கவிழ்ந்தது? மெக்கானிக் புத்தி விடவில்லை. ஒரு மாதம் கழித்து, ஆள் இல்லாத ஒரு மூலையில் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் பாதி தண்ணீர் ஊற்றி, கல் கட்டி நிறுத்தினேன். அதைத் தாண்டி மூன்று விதமாகப் படகை ஓட்டினேன். ஊர்ந்து போனபோது கேன் லேசாகத் தலையாட்டியது. முழு வேகத்தில் போனபோது இரண்டு முறை துள்ளி அடங்கியது. பாதி வேகத்தில் போனேன். நான் கடந்து போய்க் கொஞ்சம் கழித்துத்தான் அலை வந்தது. கேன் சாய்ந்து, முழுகி, வெகுநேரம் கழித்து மேலே வந்தது.

விசயம் சின்னதுதான். ஊர்ந்து போகும்போது படகு தண்ணீருக்குள் உட்கார்ந்து போகும். முழு வேகத்தில் தண்ணீருக்கு மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும். நடுவில், ஏறவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், பின்பக்கத்தால் தண்ணீரை உழுதுகொண்டு போகும். பெரிய அலை அப்போதுதான் எழும். பின்சீட்டில் மூன்று பேர் இருந்தால் இன்னும் மோசம். நான் கவனமாக ஓட்டியதாக நினைத்த வேகம்தான் இருப்பதிலேயே கெட்ட வேகம்.

கேனை அவிழ்த்துக் கரையில் வீசிவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பரிசல் கண்ணில் பட்டால் ஊர்ந்து போவேன், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டு போவேன். ஈஸ்வரியின் பரிசல் கிடக்கும் பக்கமே போக மாட்டேன். இப்படிப் பன்னிரண்டு வருசம் போனது.

3. மூன்று படகுகள்

எனக்கு ஓய்வு நெருங்கிய சமயத்தில் பழைய படகைக் கழித்துவிட்டுப் புதிது வாங்க உத்தரவு வந்தது. அப்போது உதவிப் பொறியாளர் கலைவாணி மேடம். போடிக்காரர். வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது.

"டிரைவர் சார், மெதுவாப் போனாலும் வேகமாப் போனாலும் நல்லா இருக்கிற படகா வேணும். நீங்கதான் பாத்துச் சொல்லணும்," என்றார்.

அப்படி ஒரு படகு லேசில் கிடைக்காது. அடி தட்டையான படகு மெதுவில் மேசை மாதிரி நிற்கும். வேகம் எடுத்தால் ஒவ்வொரு அலைக்கும் இடுப்பை உடைக்கும். அடி கூரான படகு வேகத்தில் சுகம். மெதுவில் ஆடும், நேராகப் போகாது. இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் நமக்கானது இருக்கும். அதைக் கடையில் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விற்கிறவர்கள் மூன்று படகு கொண்டுவந்தார்கள். ஒன்று தட்டை அடி அலுமினியப் படகு. ஒன்று ஆழ வி ஃபைபர் படகு, பழையதைப் போலவே, ஆனால் மெத்தை சீட்டு. மூன்றாவது இரட்டை அடி, இரண்டு ஒல்லிப் படகுகளைச் சேர்த்து மேலே பலகை போட்ட மாதிரி. அதைக் கொண்டுவந்தவர் குமுளி வழியாக வந்த மலையாளி.

ஓட்டிப் பார்த்ததும் அலுவலகத்தில் எல்லோருக்கும் மெத்தை சீட்டுப் படகு பிடித்துவிட்டது. இரட்டை அடி திரும்பும்போது முரண்டு பிடித்தது. சாரலும் அடித்தது. உயர் அதிகாரி சட்டை நனைந்து இறங்கினார்.

"சேட்டா, இது நல்ல படகு. சாரல் மட்டும்தான் பிரச்சினை," என்றார் மலையாளி பாவமாக.

நான் மேடத்திடம் போனேன். "மேடம், இதுவரைக்கும் படகுக்குள்ள உக்காந்துதான் பாத்திருக்கோம். வெளியில ஒரு பரிசல்ல ஆள் உக்காந்து பாக்கணும். மூணு படகும் மூணு வேகத்துல அதைத் தாண்டிப் போகட்டும்."

"எதுக்கு?"

"அலை பாக்க மேடம்."

"சரி, ஏற்பாடு பண்ணுங்க. லைஃப் ஜாக்கெட் இல்லாம யாரும் ஏறக் கூடாது. கரையில ரெண்டு பேர் கயிறோட நிக்கணும்," என்றார் மேடம்.

நானே பரிசலில் உட்கார்ந்து பார்ப்பதாக முடிவாகி, மீனவர் சங்கத்தில் அதை ஓட்டக் கை உறுதியான ஆள் ஒருவர் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் கரைக்குப் போனால், துடுப்பை வைத்துக்கொண்டு ஈஸ்வரி நிற்கிறது.

4. பரிசலில்

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிசம் யோசித்தேன். மேடம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கண்ணே. நடுவுல உக்காருங்க. ஓரத்தப் பிடிக்காதீக," என்றது ஈஸ்வரி. இத்தனை வருசத்தில் அந்த அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

முதலில் அலுமினியப் படகு. பாதி வேகத்தில் அலை வந்தது, பரிசல் ஆடியது, ஈஸ்வரி துடுப்பை ஊன்றிச் சமாளித்தது. அடுத்தது இரட்டை அடி. ஊர்ந்து, பாதியில், முழு வேகத்தில் என்று மூன்று தடவை போனது. மூன்றுக்கும் அலையில் பெரிய வித்தியாசமே இல்லை. "இது போனதே தெரியலண்ணே," என்றது ஈஸ்வரி.

கடைசியாக மெத்தை சீட்டுப் படகு. ஆழமான வி. பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்திருந்தோம். பாதி வேகத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு கடந்து போனது. தண்ணீர் அமைதியாக இருந்தது. பிறகுதான் அந்த அலை வந்தது. பரிசல் ஒரு பக்கமாக எழுந்தது. பிடிக்காதே என்று சொல்லியும் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பரிசல் என் பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. ஈஸ்வரி உடம்பை மறுபக்கம் சாய்த்து நிமிர்த்தியது. உட்கார்ந்திருந்த எனக்கே இப்படி. நின்றுகொண்டு வலை இழுப்பவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த அம்மா ஒரு தகர டப்பாவை எடுத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றத் தொடங்கியது.

"ஆத்தா, அன்னிக்கு வந்ததும் இந்த அலைதான்."

கை நிற்கவில்லை. "தெரியும்ணே. அங்கன மீன் பிடிச்ச எங்க கொழுந்தனாரு அன்னிக்கே சொன்னாக. ஆபீசுல யாரும் எழுதிக்கிறல."

"வலை பாதைக்கு வெளியிலதான் கிடந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

இப்போது கை நின்றது. "அலைதான்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மாசத்துல."

ஈஸ்வரி டப்பாவைக் கீழே வைத்தது. "அப்பப் பன்னெண்டு வருசமாத் தெரியும்," என்றது. துடுப்பை எடுத்து என்னைக் கரையில் கொண்டுவந்து இறக்கியது.

5. கடிதம்

இரட்டை அடிப் படகைத்தான் வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த மேடம் அதற்கு ஒப்புதல் வாங்கினார். முன்னால் ஒரு தகடு வைத்துச் சாரலைக் குறைத்தோம்.

அதோடு இன்னொரு காகிதமும் கொடுத்தேன். அன்றைக்கு நடந்தது, வலை கிடந்த இடம், கேனை வைத்துப் பார்த்தது, நான் மறைத்தது, எல்லாம் அதில் இருந்தது. மேடம் இரண்டு தடவை படித்தார்.

"டிரைவர் சார், இதை நான் மேல அனுப்பினா உங்க மேல நடவடிக்கை வரும். ரிட்டயராக ஆறு மாசம்கூட இல்ல."

"வரட்டும் மேடம். அனுப்புங்க."

விசாரணை நடந்தது. என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. அது குறைவான தண்டனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வீரணன் விதியை மீறவில்லை என்று புதிய உத்தரவு வந்தது. உரிமம் ஈஸ்வரி பேருக்கு மாறியது.

உத்தரவின் நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈஸ்வரி கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தது.

"எம்மக பன்னெண்டாப்பு படிக்கிறா. அவ அப்பா தப்புப் பண்ணிச் செத்தாருன்னுதான் ஒண்ணாப்புல இருந்து கூடப் படிக்கிற பிள்ளைக சொல்லியிருக்காக. இத அவகிட்டக் காட்டணும்."

நான் தலையை ஆட்டினேன்.

"மன்னிச்சேன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. அதுக்காக இங்கன வராதீக."

"அதுக்கு வரல ஆத்தா."

அந்த அம்மா காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு மறுபடி வலையை விரித்தது. நான் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன்.

சின்னப் படகு வாங்குகிறவர்கள் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். சீட்டு, இன்ஜின், அடிப்பக்கம் எல்லாம் சொல்லுவேன். கடைசியில், படகை வேறொருவர் ஓட்ட, நீங்கள் ஒரு பரிசலில் உட்கார்ந்து பாருங்கள் என்பேன். ஓட்டுகிறவனுக்குப் படகு சுகமாக இருக்கிறதா என்பது ஒரு நாளில் தெரிந்துவிடும். அது அடுத்தவரை என்ன செய்கிறது என்பது நாமாகப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் எழுதிக் கொடுத்தபோது வீரணனின் மகள் பள்ளிக்கூடத்தையே முடிக்கப் போகிற வயசுக்கு வந்துவிட்டது.